கோல் போடாதவனுக்கு எத்தனை மார்க்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுசாகப் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தார். கூடவே பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையன். பையன் கையில் ஹாக்கி மட்டை.

எங்கள் பக்கத்தில் இது அதிசயம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் எந்த ஊருக்குப் போனாலும் கபடி, வாலிபால், இல்லாவிட்டால் கிரிக்கெட். ஹாக்கி மட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டரே "இது என்னப்பா, களை எடுக்கவா?" என்று கேட்பார். பையன் படிப்பது வெளியூர்ப் பள்ளியில். அங்கே ஒரு பி.டி. சார் ஹாக்கிப் பைத்தியம். நான்கைந்து வருஷமாகச் சொந்தக் காசில் மட்டை வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். எந்த விடுதி, யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கொடுத்த படிவத்தில் நான்கு கட்டம். ஆடிய போட்டிகள், போட்ட கோல்கள், வாங்கிய சான்றிதழ்கள், உயரம். பையன் ஆடுவது பேக். அதாவது பின்களத்தில் நின்று தடுப்பவன். கோல் கட்டத்தில் பூஜ்யம் என்று நேர்மையாக எழுதியிருக்கிறான். தேர்வுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "மூணு வருஷமா ஆடுற, ஒரு கோல் கூடப் போடலையா?" என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். பையனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மட்டையைக் கையில் எடுத்து ஆடிக் காட்டப் பத்து நிமிஷம்தான் கொடுத்தார்கள். அதிலும் பந்தை வலைக்குள் அடிக்கச் சொன்னார்களே தவிர, யாரையும் தடுக்கச் சொல்லவில்லை.

அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சார், நீங்க கணக்கு வாத்தியார். இவனுக்கு என்ன மார்க்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக், கால் இறுதி, இந்தியாவும் பிரிட்டனும். 17ஆவது நிமிஷத்தில் நம்முடைய அமித் ரோகிதாஸின் மட்டை எதிரணி வீரர் முகத்தில் பட்டது. வீடியோ பார்த்துச் சிவப்பு அட்டை காட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த நாற்பத்திச் சொச்சம் நிமிஷமும் பத்துப் பேர்தான். அப்படியும் 1-1 என்று பிடித்து வைத்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். மறுநாள் பேப்பர் முழுக்க ஸ்ரீஜேஷ். அவர் அதற்குத் தகுதியானவர்தான், அதில் சந்தேகமே இல்லை.

ரோகிதாஸுக்கு ஒரு ஆட்டம் தடை. மேல்முறையீடு செய்தும் எடுபடவில்லை. ஜெர்மனியோடு அரையிறுதியில் இந்தியா 16க்குப் பதில் 15 பேரை வைத்துக்கொண்டு ஆடியது. 2-3 என்று தோற்றது.

இப்போது அந்த ஒலிம்பிக்கில் ரோகிதாஸின் கணக்கை எடுத்து, அந்த விடுதிப் படிவத்தில் நிரப்புங்கள். கோல்: 0. சிவப்பு அட்டை: 1. அவ்வளவுதான். இதை மட்டும் பார்த்தால் இந்த ஆள் நாட்டுக்குப் பாரம் என்றுதான் தோன்றும். ஆனால் பெனால்டி கார்னர் என்றால் எதிரணி மட்டையிலிருந்து குண்டு மாதிரி வரும் பந்தை நோக்கி முதல் ஆளாக ஓடுகிறவர் அவர். ரஷ்ஷர் என்பார்கள். முழங்காலிலும் தொடையிலும் அடி வாங்குவதே வேலை. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அவர் இல்லாத அந்த அரையிறுதியில் ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில்தான் வந்தது. அடித்தவர் கொன்சாலோ பெய்லாட். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காக 11 கோல் அடித்துத் தங்கம் வாங்கித் தந்த அதே மனிதர், பாரிஸில் ஜெர்மனிக்கு ஆடினார்.

நான் கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பாரிஸில் இந்தியா ஆடியது எட்டு ஆட்டம். வாங்கிய கோல்கள் வரிசையாக: நியூசிலாந்திடம் 2, அர்ஜென்டினாவிடம் 1, அயர்லாந்திடம் 0, பெல்ஜியத்திடம் 2, ஆஸ்திரேலியாவிடம் 2, பிரிட்டனிடம் 1, ஜெர்மனியிடம் 3, ஸ்பெயினிடம் 1. மொத்தம் 12. ஒரே ஆட்டத்தில் மூன்று வாங்கியது ஒரே ஒரு தடவை. அது அவர் இல்லாத ஆட்டம்.

"பார்த்தீர்களா!" என்று இங்கேயே முடித்துவிடலாம். முடித்தால் நான் நல்ல வாத்தியார் இல்லை. என் வகுப்பில் எவனாவது ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து இப்படி முடிவு எழுதியிருந்தால் அடிக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஜெர்மனி வலுவான அணி, அவர் இருந்திருந்தாலும் மூன்று விழுந்திருக்கலாம். அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. பிரிட்டனோடு ஆடும்போது அவர் வெளியே போன பிறகு நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒரே கோல்தான் விழுந்தது. அப்படியானால் அவர் இல்லாமலே நன்றாகத் தடுத்தார்கள் என்று எழுதுவதா? அதுவும் தப்பு. அவர் போனதும் நடுக்களத்து மன்பிரீத் சிங் பின்னால் இறங்கி அந்த இடத்தை அடைத்தார். பத்துப் பேரும் சுவர் மாதிரி நின்றார்கள். ஒருவர் வேலையைப் பத்துப் பேர் பங்கிட்டுச் செய்தார்கள் என்பதுதான் அதன் பொருள்.

ஆக, தடுப்பவனை எடைபோடுவது சுலபமில்லை. கோல் போடுகிறவன் செய்த காரியத்தை எண்ணலாம். தடுப்பவன் விஷயத்தில் நடக்காமல் போனதை எண்ண வேண்டியிருக்கிறது. நடக்காததை எப்படி எண்ணுவது?

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எவராவது உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களா என்றால், யோசித்திருக்கிறார்கள். அதை நான் தெரிந்துகொண்டது என் பேரனிடம்.

2023-ல் டொராண்டோவில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தேன். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. பனித்தரையில் சறுக்கு ஷூ போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதில் 'பக்' என்ற தட்டையான ரப்பர் வில்லையை அடிப்பது. கோல்கீப்பர் போக ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் பின்களம். முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த வருஷம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி 2004க்குப் பிறகு முதல் தடவையாக ப்ளே ஆஃப் சுற்று ஒன்றைத் தாண்டியது. ஊரே திருவிழா. நம் தமிழ்க் கடைகளில்கூட நீலச் சட்டை மாட்டியிருந்தார்கள். பேரனும் பள்ளியில் பின்களம்தான் ஆடுகிறான். எனக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தவன் அவனே. தாத்தா தப்பாகக் கேட்டால் அவன் முகத்தில் வரும் சலிப்பு, என் பழைய மாணவர்கள் பார்த்தால் பழி தீர்ந்தது என்று சந்தோஷப்படுவார்கள்.

அங்கே அவர்கள் முதலில் கண்டுபிடித்த கணக்கு ரொம்ப எளிமை. பிளஸ் மைனஸ். நீ களத்தில் இருக்கும்போது உன் அணி கோல் போட்டால் உனக்குக் கூட்டல் ஒன்று. எதிரணி போட்டால் கழித்தல் ஒன்று. கோலை நீயே போட்டிருக்க வேண்டியதில்லை. பெனால்டியால் உன் பக்கம் ஆள் குறைந்திருக்கும்போது விழும் கோலைச் சேர்க்க மாட்டார்கள், அது நியாயமில்லை என்று. இந்தக் கணக்கில் இன்றுவரை உச்சம் பாபி ஆர் என்ற பாஸ்டன் அணிக்காரர், 1970-71 பருவத்தில் கூட்டல் 124. அவர் பின்கள வீரர். படிவத்தில் தடுப்பவனுக்கு முதல் முறையாக ஒரு கட்டம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. அதை அந்த வருஷமே கண்ணால் பார்த்தேன். அங்கே வருஷத்தின் சிறந்த பின்கள வீரருக்கு நாரிஸ் கோப்பை கொடுப்பார்கள். 2023-ல் அதை வாங்கியவர் சான் ஹோசே அணியின் எரிக் கார்ல்சன். கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து 101 புள்ளி. 1991-92க்குப் பிறகு ஒரு பின்கள வீரர் நூறைத் தொட்டது அதுவே முதல் முறை. அதே மனிதரின் அதே வருஷத்துப் பிளஸ் மைனஸ் என்ன தெரியுமா? கழித்தல் 26.

சிறந்த தடுப்பாளர் விருது, கழித்தல் 26. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்னடா, கணக்கில் பெயிலான பையனுக்குக் கணக்குப் பரிசா?" என்றேன். பேரன் சிரிக்கவில்லை. "தாத்தா, ரெண்டு நம்பருமே பொய் சொல்லும்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 101 என்பது அவர் தாக்குதலில் எவ்வளவு உதவினார் என்று சொல்கிறது. தடுத்தாரா என்று சொல்லவில்லை. கழித்தல் 26 அவர் தடுக்கவில்லை என்று நிரூபிக்கிறதா? அதுவும் இல்லை. அந்த வருஷம் சான் ஹோசே 82 ஆட்டத்தில் 22 மட்டுமே ஜெயித்த அணி. தோற்கிற அணி கடைசி நிமிஷங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஆளை முன்னால் அனுப்பும். அப்போது காலி வலையில் எதிரணி சுலபமாகக் கோல் போட்டுவிடும். அந்த நேரத்தில் களத்தில் நிற்பது யார்? அணியின் ஆகச் சிறந்த ஆட்கள்தான். கழித்தல் அவர்கள் தலையில் ஏறும். கோல்கீப்பர் விட்டதும் பின்கள வீரன் கணக்கில்தான்.

நம் ஹர்மன்பிரீத் சிங்கையும் இங்கே சொல்ல வேண்டும். பாரிஸில் 10 கோல் அடித்தார், அந்த ஒலிம்பிக்கில் யாரும் அதற்கு மேல் அடிக்கவில்லை. அந்த வருஷத்தின் உலகச் சிறந்த வீரர் விருதும் கிடைத்தது. அவரும் பேக்தான். ஆனால் அந்தப் பத்தில் 7 பெனால்டி கார்னர், 3 பெனால்டி ஸ்ட்ரோக். அத்தனையும் ஆட்டம் நின்று, பந்தை வைத்து அடிப்பது. பெரிய திறமை, மறுக்கவில்லை. ஆனால் அது தடுக்கும் திறமை இல்லை. பேக் ஆடும் பையனிடம் "கோல் எங்கே" என்று கேட்கும் பழக்கம் இப்படிப்பட்ட ஒரு சிலரைப் பார்த்துத்தான் நமக்கு வந்திருக்கிறது.

சரி, அதற்கு அடுத்த கணக்கு. கோல் என்பது அபூர்வமாக நடப்பது. ஒரு ஆட்டத்துக்கு ஐந்தோ ஆறோ. அவ்வளவு குறைவான எண்ணை வைத்து ஒருவனை எடைபோட்டால் அதிர்ஷ்டம்தான் பேசும். ஆண்டுக்கு ஒரே ஒரு பரீட்சை வைத்து மாணவனை எடைபோடுவது போல. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்றால் முடிந்தது கதை. தினமும் சின்னச் சின்ன டெஸ்ட் வைத்தால் உண்மை தெரியும். அதனால் அவர்கள் கோலை விட்டுவிட்டு, கோலை நோக்கி அடித்த அடிகளை எண்ண ஆரம்பித்தார்கள். வலைக்குப் போனது, வெளியே போனது, நடுவில் ஆள் மறித்தது, எல்லாமே. நீ களத்தில் இருக்கும்போது உன் அணி அடித்தவை எத்தனை, எதிரணி அடித்தவை எத்தனை. இதற்குப் பெயர் கோர்சி. பஃபலோ அணியில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர். தன் கோல்கீப்பர் எவ்வளவு உழைக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அதை இணையத்தில் எழுதுகிற ஒரு ரசிகர் எடுத்து, வீரர்களை அளக்கும் கோலாக மாற்றி, அவர் பெயரையே வைத்துவிட்டார். பின்னால் அணிகளே அதைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. சம்பளம் வாங்கும் நிபுணர்களுக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர் கண்டுபிடித்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். தன் வலைக்குப் பக்கத்திலா, எதிரணி வலைக்குப் பக்கத்திலா. பயிற்சியாளர் தன் வலைக்குப் பக்கத்தில் ஆபத்தான நேரத்தில் யாரை இறக்குவார்? நம்பிக்கையான தடுப்பாளரை. எதிரணியின் பெரிய புலிகள் களத்தில் இருக்கும்போது யாரை இறக்குவார்? அவனையேதான். ஆக நல்ல தடுப்பாளன் எப்போதும் கஷ்டமான இடத்தில், கஷ்டமான ஆட்களுக்கு எதிரே நிற்கிறான். அவன் தலையில் அடிகள் அதிகம் விழத்தான் செய்யும். எண்ணை மட்டும் பார்த்தால் அவன் மட்டமான ஆட்டக்காரன். சுலபமான நேரத்தில் இறங்குகிறவன் எண் பளபளப்பாக இருக்கும். அதனால் எங்கே தொடங்கினான், யாருக்கு எதிராக ஆடினான், கூட ஆடியது யார் என்றெல்லாம் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்த வேண்டும் என்கிறார்கள்.

இதைப் பேரன் சொன்னபோது எனக்கு ஐஸ் தெரியவில்லை, பத்தாம் வகுப்பு 'சி' பிரிவு தெரிந்தது.

1990களில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) தொடர்ந்து நான்கு வருஷம் எனக்குப் பத்து 'சி' கொடுத்தார்கள். ஒன்பதில் தட்டுத் தடுமாறி வந்தவர்கள், இரண்டாவது தடவை உட்காருகிறவர்கள், கதிரறுப்பு வந்தால் பத்து நாள் காணாமல் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பிரிவில். "உங்களாலதான் சார் மேய்க்க முடியும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் 'ஏ' பிரிவு ஆசிரியருக்குப் பாராட்டுக் கடிதம். எனக்குத் தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ. நான்கு வருஷத்தில் மூன்று மெமோ. அந்தப் பையன்கள் உள்ளே வரும்போது எங்கே நின்றார்கள், வெளியே போகும்போது எங்கே நின்றார்கள் என்று எவரும் கேட்கவில்லை. மெமோக்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மனைவி பழைய பேப்பர்காரரிடம் போட இரண்டு தடவை முயன்று தோற்றுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் எதிரே மட்டையோடு நின்ற பையனும் ஒருவகையில் பத்து 'சி'தான்.

ஐஸ் ஹாக்கியிலிருந்து இன்னும் ஒரே ஒரு ஆள். ஜேக்கப் ஸ்லேவின், கரோலினா அணி. நாரிஸ் கோப்பை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. ஆனால் 2020-21 பருவத்தில் 52 ஆட்டம் ஆடி, வருஷம் முழுக்க ஒரே ஒரு இரண்டு நிமிஷப் பெனால்டிதான் வாங்கினார். எதிரணியின் பெரிய ஆட்களைத் தினமும் மறிக்கிறவர், தப்பாட்டம் ஆடாமல் மறித்திருக்கிறார். நன்னடத்தைக்கான விருது கொடுத்தார்கள். எனக்கென்னவோ அதை நன்னடத்தை என்பதைவிடத் திறமை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இடம் தவறி நிற்பவனுக்குத்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டி வருகிறது.

உத்திரமேரூர்க்காரன் குடவோலையைச் சொல்லாமல் பதிவு எழுத முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், கி.பி. 921 வாக்கில், ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் சொல்லப்படுகிறது. அந்த ஆறு பேரும் 360 நாள் வேலை பார்த்து என்ன சாதித்தார்கள்? ஏரி உடையவில்லை. அவ்வளவுதான். கரையில் எலி வளையை அடைத்திருப்பார்கள், மதகைப் பார்த்திருப்பார்கள், கலங்கலில் அடைத்த செடியை எடுத்திருப்பார்கள். நெல்லை அறுத்தவன் வீட்டில் மூட்டை தெரியும். ஏரியைக் காத்தவன் வீட்டில் என்ன தெரியும்? உடைந்தால் மட்டும் அவன் பெயர் ஊருக்குள் அடிபடும். அதே கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது என்கிறது. அதாவது கணக்கு எழுதியிருக்கிறார்கள். நம் படிவத்தில் கட்டமே இல்லை.

கபடியைப் பாருங்கள். கிராமத்துப் பையனுக்குக்கூட இது புரியும். ரைடு போகிறவன் தொட்டால் புள்ளி, கார்னரில் நிற்பவன் பிடித்தால் புள்ளி, இரண்டும் நோட்டில் ஏறும். ஆனால் கார்னரில் ஒரு நல்ல ஆள் நின்றால் ரைடர் அந்தப் பக்கமே போகாமல் முப்பது விநாடியும் கோட்டோரம் ஆடிவிட்டுத் திரும்பிவிடுவான். வெறும் ரைடு. அந்த வெறும் ரைடு யாருடைய பயத்தால் வந்தது என்று எந்த ஸ்கோரரும் எழுதுவதில்லை. எங்கள் ஊர்ப் பெருசுகள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து, "அவன் நிக்கிறான், அதான் உள்ள போக மாட்றான்" என்பார்கள். கோர்சி சொன்னதும் இதைத்தான்.

சரி, பையனுக்கு வருகிறேன். அவன் அப்பா வந்துபோன பிறகு இரண்டு சனிக்கிழமை அவன் பள்ளி ஆடிய ஆட்டத்துக்குப் போனேன். கையில் நாற்பது பக்க நோட்டு. நடுவில் ஒரு கோடு, வலது பக்கம், இடது பக்கம். எதிரணி பந்தோடு நம் 23 மீட்டர்க் கோட்டைத் தாண்டினால் ஒரு குறி. 'டி'க்குள் நுழைந்தால் இன்னொரு குறி. நம் காலில் பட்டுப் பெனால்டி கார்னர் கொடுத்தால் வட்டம். பந்தைப் பறித்த பிறகு நம் ஆளிடமே கொடுத்தானா, கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்தானா என்று தனியாக ஒரு வரிசை. ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்போமே, நான்கு கோடு போட்டு ஐந்தாவதை குறுக்கே இழுக்கும் நேர்க்கோட்டுக் குறி, அதேதான். கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம்.

பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது முதலில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்ததே, டொராண்டோவிலிருந்து திரும்பிய சூட்டோடு ஒரு நாள் போனேன். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் பந்தைத் தொட்டாலே மைதானம் கத்தியது. நான் மட்டும் பேரன் சொன்னபடி பந்து இல்லாத பக்கம் பின்களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து இடம் மாறி உட்காரச் சொன்னார். அந்தப் பழக்கம் இப்போது உதவியது.

இரண்டு ஆட்டத்திலும் இடது பக்கம் என் குறிகள் கட்டுக் கட்டாக விழுந்தன. பையன் நின்ற வலது பக்கம் எண்ண இரண்டு கை விரல்களே மிச்சம். அவனால் வந்த வட்டம் ஒன்றே ஒன்று. பறித்த பந்தைப் பெரும்பாலும் நம் ஆளிடமே கொடுத்தான், அவசரமில்லாமல். இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் கணுக்காலில் அடிபட்டுச் சிறிது நேரம் வெளியே உட்கார்ந்தான். அந்த நேரத்தில் வலது பக்கம் திடீரென்று குறிகள் கூடின.

இங்கேயும் அவசரப்பட மாட்டேன். எதிரணியின் நல்ல ஆள் அந்தப் பக்கம் இல்லாமல் இருந்திருக்கலாம். நம் இடது பக்கப் பையன் புதுசு, அதனால் எல்லோரும் அங்கேயே போயிருக்கலாம். எனக்குப் பையன் மேல் பாசம், அதனால் பாதிக் கோட்டை முழுக் கோடாகப் பார்த்திருக்கலாம். இரண்டு ஆட்டம் போதாது. இருபது ஆட்டம் வேண்டும், எண்ணுகிறவன் பையனுக்குத் தெரியாதவனாக இருக்க வேண்டும். இது முழு உண்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "மூன்று வருஷத்தில் ஒரு கோல் கூட இல்லையா" என்ற கேள்வியைவிட இந்த நாற்பது பக்க நோட்டு அவனைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சில நண்பர்கள் கேட்பார்கள், "சார், அனுபவமுள்ள கோச் கண்ணால் பார்த்தாலே தெரியாதா, எதற்கு எண்?" என்று. நல்ல கோச்சுக்குத் தெரியும். அந்தப் பி.டி. சாருக்குத் தெரிந்துதான் இவனைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். ஆனால் தேர்வு நாளில் அவர் அங்கே இல்லை. இருந்தது படிவம்தான். ஒருநாள் காலையில் இருநூறு பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் எந்தக் கண்ணும் களைத்துவிடும், அப்போது தாளில் இருப்பதுதான் பேசும். எண்ணே வேண்டாம் என்று நாம் சொன்னாலும் அவர்கள் எண்ணத்தான் போகிறார்கள். கோலை எண்ணுவார்கள், ஏனென்றால் எண்ணச் சுலபமானது அது ஒன்றுதான்.

இதில் போவது ஒரு பையனின் மனசு மட்டுமில்லை. விடுதி கிடைத்தால் சாப்பாடு, பயிற்சி, நல்ல மைதானம். அதற்குப் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அப்புறம் ரயில்வே, போலீஸ் என்று வேலை. எங்கள் பக்கத்துக் குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறையின் வாழ்க்கை. இதையெல்லாம் பார்த்துவிட்டு, பேக் ஆடும் பிள்ளைகளின் அப்பாக்கள் "முன்னால போய் ஆடுடா, கோல் போடுடா" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அந்தப் பி.டி. சார் சொன்னார். அவர் அணியில் இப்போது பின்னால் நிற்க ஆளில்லையாம். பதினோரு பேரும் சென்டர் ஃபார்வர்டு.

தேர்வு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கோரிக்கை சின்னதுதான். படிவத்தில் ஆடும் இடம் எது என்று ஒரு கட்டம் சேருங்கள். பேக்குக்கும் கோல்கீப்பருக்கும் கோல் கட்டத்தை அடித்துவிடுங்கள். பத்து நிமிஷச் சோதனையில் ஐந்து நிமிஷம் இரண்டு ஃபார்வர்டுக்கு எதிரே அவனைத் தனியாக நிறுத்திப் பாருங்கள். பள்ளியிலிருந்து எண்ணி எழுதிய தாள் வந்தால் வாங்கிப் படியுங்கள்.

பையனின் அப்பாவுக்கு நேற்று சாயங்காலம் போன் செய்து நோட்டில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அந்த நோட்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். எடுத்து வைத்திருக்கிறேன். பையன் இந்த வாரம் வந்து வாங்கிப் போவான். அடுத்த தேர்வுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் மிச்சப் பதினெட்டு ஆட்டத்தையும் எண்ண வேண்டும். எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை எதுவும் இல்லை. எண்ணுவதற்குப் பையனைத் தெரியாத ஒருவர் கூட வந்தால் நல்லது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்டால் நோட்டில் கோடு போட்ட பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.